பூந்திக்கொட்டையும் இரண்டு வெள்ளைச் சட்டைகளும்

பூந்திக்கொட்டையைப் பார்த்தால் உங்களில் பலருக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். சிலருக்குத் தங்கச் சங்கிலி ஞாபகம் வரலாம். பண்டிகைக்கு முதல் நாள் கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று எடுப்பார்களே, அது. எனக்கு மட்டும் அப்பாவின் கழுத்துதான் ஞாபகம் வரும்.

போன மாதம் மருமகள் ஒரு பெட்டி வரவழைத்தாள். உள்ளே ஒரு துணிப்பை நிறையப் பூந்திக்கொட்டைத் தோல். கூடவே விரல் நீளத்துக்கு ஒரு சுருக்குப்பை. ஐந்தாறு தோலை அதில் போட்டு முடிந்து, துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் போட்டுவிட வேண்டுமாம். குழந்தையின் சருமத்துக்கு நல்லது, ஆற்றுக்கும் கடலுக்கும் நல்லது என்று பெட்டியின் நான்கு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். “அத்தை, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியும்” என்றேன். வாயைத் திறந்தால் மூடாத மாமியார் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். சாயங்காலம் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து முட்டிவலியையும் சர்க்கரையையும் பேசி அலுத்துப்போனவர்கள்தானே நாம். இதையும் கேட்டு வையுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தோம். ஐந்து குடித்தனத்துக்கும் ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல். கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. சோப்புக்கட்டியைத் தேய்த்தால் நுரை வராது. திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ துணியில் ஒட்டிக்கொள்ளும். அதை உரித்து எடுப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அந்தச் சமயத்தில்தான் நீல நிறச் சோப்புத்தூள் வந்து சேர்ந்தது. அது உப்புத் தண்ணீரிலும் பொங்கியது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். முதலாளியும் எங்களைப்போலத் தெற்கத்திக்காரர்தான். அப்பாவுக்குப் பட்டுப் பகுதி. தரையில் விரித்த வெள்ளை மெத்தையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, எதிரே இருக்கும் பெண்களுக்குப் புடவையை விரித்துக் காட்டவேண்டும். அப்பா விரிப்பதை நான் ஒரே ஒரு தடவை கடையில் போய்ப் பார்த்திருக்கிறேன். மடிப்பை இரண்டு விரலில் பிடித்து மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். புடவை முழு நீளத்துக்கும் ஓடிப்போய், முந்தானை மட்டும் அந்த அம்மாளின் மடியில் போய் விழும். கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் “அந்த அண்ணாச்சி இல்லையா?” என்று கேட்டுத் தேடிக்கொண்டு வருவார்கள். வீட்டில் அப்பா அதிகம் பேசமாட்டார். அவருக்கு இருந்த பெருமையெல்லாம் அந்த மெத்தையில் உட்காருவதில்தான் இருந்தது.

சோப்புத்தூள் வந்த இரண்டாம் மாதம் அப்பாவுக்குக் கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. சட்டைக் காலர் படுகிற இடம். பிறகு மணிக்கட்டு. பிறகு விரல் இடுக்கு. ராத்திரியெல்லாம் சொறிந்து, காலையில் தண்ணீர் வடியும். கரப்பான் என்றார் ஒருவர், சூடு என்றார் ஒருவர், யாரோ திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னார்கள். அப்பா முழுக்கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். புடவை விரிக்கிறவன் கையைத்தானே முதலில் பார்ப்பார்கள்? ஒரு அம்மாள் பார்த்துவிட்டுப் புடவையைத் தொடாமலேயே எழுந்து போனாளாம். முதலாளி கூப்பிட்டு, “இதைச் சரி பண்ணிரும். இல்லன்னா குடோனுக்குத்தான் போவணும்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதைச் சொன்னபோது அம்மா கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்துக் குடித்தனத்து மாமி. அம்மாவைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஆனால் அம்மா அவளை மாமி என்பாள், அவள் அம்மாவை அக்கா என்பாள். யார் பெரியவர் என்ற கேள்வி அந்த வீட்டில் கடைசிவரை தீரவில்லை. மாமி கிணற்றடியில் அப்பாவின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. சட்டை எங்கெங்க ஒட்டறதோ அங்கங்கதான் அவருக்கு வந்திருக்கு. இந்தப் பவுடரை நிறுத்திப் பாருங்கோ. எங்காத்துல மடித்துணிக்கு சோப்பே கிடையாது. பூந்திக்கொட்டைதான்.”

அம்மாவுக்குப் பூந்திக்கொட்டை என்றால் என்னவென்று தெரியவில்லை. மாமி உள்ளே போய் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். காய்ந்து சுருங்கி, பழுப்பும் சிவப்புமாக, ஒட்டிப்பிறந்த மாதிரி மூன்று மூன்றாகச் சேர்ந்திருந்தன. அம்மா ஒன்றை எடுத்துக் காதுப்பக்கம் ஆட்டினாள். உள்ளே கொட்டை லொடலொடவென்றது.

“அட, நெய்க்கொட்டாம்லா இது” என்றாள். “எங்க பக்கம் இதை நெய்க்கொட்டான்னுதான் சொல்லுவாவ. பட்டணத்துல என்னத்தையோ புதுசாச் சொல்லுதியளேன்னு பாத்தேன்.”

“நெய்யே இல்லாததுக்கு நெய்க்கொட்டானா?” என்று மாமி சிரித்தாள்.

“பூந்தி மட்டும் இருக்காக்கும்?” என்றாள் அம்மா.

இரண்டு பேரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இப்போதும் எனக்குக் கண்முன் நிற்கிறது. அதுவரை தண்ணீர் முறைக்காக மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் சினேகிதிகள் ஆனார்கள்.

அதன்பிறகு வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் கொட்டை உடைக்கிற வேலை. அம்மிக்குழவியால் லேசாக ஒரு தட்டு, தோல் பிளக்கும். உள்ளே இருக்கும் கறுப்புக் கொட்டை எனக்கு. ஒற்றையா இரட்டையா விளையாட அதைவிட நல்ல சாமான் கிடையாது. கையில் வைத்து உருட்டினால் அப்படி ஒரு வழவழப்பு. தோலை வெந்நீரில் ஊறப்போட்டு, பித்தளைத் தவலையில் பிசைந்து, பழைய வேட்டித் துண்டில் வடிகட்டவேண்டும். டீத்தண்ணீர் நிறத்தில் இறங்கும். புளிப்பும் பழவாசனையும் கலந்த ஒரு மணம். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் உயிர் போய்விடும். மிளகாய் கெட்டது போங்கள். அதில் துணியை ஊறவிட்டு, அடிக்காமல் கையால் கசக்கி, இரண்டு அலசு அலசினால் முடிந்தது. இந்த இரண்டு அலசல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சோப்புத்தூளுக்கு நாலு அலசலாவது வேண்டும். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைக்கிறவளுக்கு அந்த இரண்டு வாளி பெரிய மிச்சம்.

மூன்று வாரத்தில் அப்பாவின் கழுத்து ஆறியது. விரலிடுக்கில் புதுத்தோல் வந்தது. அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அம்மா ஒரு சொம்பில் பாயசம் எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள். மாமி வீட்டில் எங்கள் வீட்டுச் சமையலைச் சாப்பிடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி வாசலிலேயே நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அம்மா அதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஆனால் பூந்திக்கொட்டைக்கு ஒரு குறை உண்டு. வெள்ளைத் துணியை அது சுத்தம் செய்யும், வெளுக்காது. அப்பாவிடம் வேலைக்குப் போட்டுக்கொள்ள இருந்தவை இரண்டு வெள்ளைச் சட்டைகள். அவை மெல்ல மெல்ல மங்கின. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சட்டையை வெயில் பார்த்தே பல நாள் ஆனது. அடுப்புக்கு மேலே கொடிகட்டி உலர்த்தியதில் புகைவேறு சேர்ந்துகொண்டது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறார். அப்பாவுக்கு முன்னால் வந்ததும் நின்றாராம்.

“என்னவே இது, சட்டையக் காப்பியில முக்கிட்டு வந்தீரா? மெத்தை வெள்ளையா இருக்கு, நீரு இப்படி இருக்கீரு. சீசன் நேரம். ஞாயித்துக்கிழமை பளிச்சுனு வாரும். இல்லன்னா உள்ள போயி பொட்டலம் கட்டும்.”

கை ஆறியபின் இப்போது சட்டையால் மெத்தை இடம் போய்விடும்போல ஆகிவிட்டது. புதுச்சட்டை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். தீபாவளிக்குப் பிறகுதான் கடையில் எல்லோருக்கும் துணி கொடுப்பார்கள். அதற்குமுன் எடுக்க எங்கள் வீட்டில் வழியில்லை, அவ்வளவுதான்.

அம்மாவும் மாமியும் ஆலோசனை செய்தார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தார்கள். அரிசிக் கஞ்சியில் முக்கிப் பார்த்தார்கள். கடைசியில் நீலம். அம்மா பதற்றத்தில் நீலத்தை அள்ளிப் போட்டுவிட்டாள். சட்டை அங்கங்கே திட்டுத்திட்டாக வானம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு அப்பா அதையே போட்டுக்கொண்டு போனார். “மேகம் மாதிரி வந்திருக்கியளே அண்ணாச்சின்னு கடைப்பையன் கேக்கான்” என்று வந்து சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் உண்மையில் சிரிக்கவில்லை என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது.

அந்த வாரம்தான் மாமி புதுக்கொட்டை கொண்டுவந்தாள். அவளுடைய அண்ணா எங்கேயோ வெளியூரிலிருந்து வாங்கி வந்ததாம். “இது நன்னா கொழுகொழுன்னு இருக்கு அக்கா. இதுல தோய்ச்சுப் பாருங்கோ” என்று ஒரு படி அளந்து கொடுத்தாள்.

இனி நான் செய்தது. கோயில் குளக்கரைப் பக்கம் ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்து நின்றது. ஒருவர் இறங்கி, கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு வெள்ளையாக எடுத்துக்காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சின்னப் பாக்கெட் சோப்புத்தூள் இலவசம். வீட்டில் காட்டினால் அம்மா தூக்கிப்போட்டுவிடுவாள் என்று அதை என் பெட்டியில், கறுப்புக் கொட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். இலவசமாகக் கிடைத்தது, வாசனையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு நாளைக்கு உள்ளே பொட்டலம் கட்டுகிறேன் என்று அப்பா பழைய கலர்ச் சட்டையில் போனபிறகு, அம்மா இரண்டு வெள்ளைச் சட்டையையும் புதுக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் பாக்கெட்டைப் பிரித்து முழுவதையும் தவலையில் கொட்டிக் கையால் கலக்கினேன். வெள்ளையாகிவிடும், அப்பா மெத்தையில் உட்காருவார், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். கொஞ்சம்தானே, அதுவும் ஒரு தடவைதானே என்றும் நினைத்தேன். திருடுகிற எண்ணமோ ஏமாற்றுகிற எண்ணமோ சத்தியமாக இல்லை.

அம்மா திரும்பி வந்தபோது தவலை விளிம்புவரை நுரை நின்றது. “ஏட்டி, இங்க வந்து பாரு. மாமி குடுத்த கொட்டை என்னமா நுரைக்குன்னு பாரு” என்று என்னையே கூப்பிட்டுக் காட்டினாள். நான் பார்த்தேன். கொட்டையின் புளிப்பு மணத்தில் பாக்கெட் வாசனை அமுங்கிப்போயிருந்தது. அம்மா கசக்கினாள். அழுக்கும் மங்கலும் புகையும் நீலத்திட்டும் கழன்று ஓடின. பூந்திக்கொட்டை என்ற நம்பிக்கையில் இரண்டு அலசலோடு நிறுத்தினாள். இன்னும் இரண்டு வாளி ஊற்றச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாளே. சட்டை வெள்ளை வெளேரென்று கொடியில் தொங்கியது. அம்மா மாமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். “தெய்வம் மாதிரி குடுத்திய மாமி” என்றாள். மாமி வெட்கப்பட்டாள்.

சனிக்கிழமை மாலை சட்டைகளைச் சந்து முனையில் இருந்த இஸ்திரி வண்டிக்கு நான்தான் எடுத்துப் போனேன். இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளித்துக் கரிப்பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தார். சூடு பட்டதும் ஆவியோடு அந்த வாசனை குப்பென்று எழும்பியது. கொட்டை வாசனை இல்லை, பாக்கெட் வாசனை. அவர் பெட்டியை நிறுத்தினார்.

“இன்னா பாப்பா, பவுடர் வாசனை வந்துகினு கீது? ஒங்கம்மா இனிமே கொட்டைல தான் தொவைப்பேன்னு சொல்லிச்சே.”

எனக்கு உதடு பிதுங்கியது. அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“சரி, அழுவாத. நான் இன்னாத்துக்கு சொல்லப்போறேன். அப்பாவை வந்து வாங்கிக்க சொல்லு, போ.”

அப்பா போய் வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். முதலாளி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். திங்கள், செவ்வாய் இரண்டு சட்டையும் மாறி மாறி ஓடின. சீசன் கூட்டம், வியர்வை, ஈரம், காலரில் அலசாமல் நின்றுபோன தூள். செவ்வாய் இரவே கழுத்தில் கோடு விழுந்தது. புதன்கிழமை விரல்கள் வீங்கிவிட்டன. முன்பு வந்ததைவிட மோசம். வியாழக்கிழமை ஒரு கல்யாண வீட்டார் புடவை பார்க்கும்போது, அப்பாவின் விரலில் வெடித்திருந்த இடத்திலிருந்து வெளிர்நிறப் பட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி, “எந்திரியும்” என்றார்.

அப்பா குடோனுக்குப் போனார். தீபாவளி முடிந்து, கை ஆறி, பொங்கலும் வந்து போனது. மெத்தையில் அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். வேலையிலிருந்து நிற்கிறவரை அப்பா உள்ளே சரக்குப் பிரித்து அடுக்கிக்கொண்டுதான் இருந்தார். அந்த மணிக்கட்டுச் சுண்டலை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. வீட்டில் அம்மா புடவையைக் கொசுவி மடிக்கக் கொடுத்தால்கூட, நாலாக மடித்து வைத்துவிட்டுப் போவார்.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் காலை கிணற்றடியில் நடந்ததைச் சொல்லவேண்டும். மாமி துணி அலசிக்கொண்டிருந்தாள். அம்மா மிச்சமிருந்த கொட்டையை முறத்தோடு கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தாள்.

“நல்ல கொட்டை குடுத்திய மாமி. எங்க வீட்டு ஆளை மெத்தையில இருந்து எறக்கிட்டிய.”

“அக்கா, நான் பொறுக்கிப் பாத்துதான் கொடுத்தேன். எங்காத்துலயும் அதுலதான் தோய்ச்சேன். எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.”

“ஒங்களுக்கு எப்படி ஆவும்? நல்லதை ஒங்களுக்கு வச்சுக்கிட்டு, கழிச்சுப் போட்டதை எங்களுக்குக் குடுத்திருப்பிய.”

மாமி கையிலிருந்த துணியைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. “அப்படி நெனச்சுண்டேளா” என்று மட்டும் கேட்டாள். அம்மா முறத்தைக் கல்லின் மேலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். பாவாடைப் பையில் கறுப்புக் கொட்டைகள் இருந்தன. கையை உள்ளே விட்டு உருட்டிக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை போதும். முதுகில் நாலு அடி விழும், அப்புறம் அம்மா மாமியிடம் போய் நிற்பாள், எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு அந்த நாலு அடிக்குப் பயம். பத்து வயதில் அது பெரிய தொகைதான், என்னைத் திட்டாதீர்கள். ஆனால் பதினொன்றிலும், இருபதிலும், நாற்பதிலும் நான் சொல்லவில்லை, அதற்கு வேண்டுமானால் திட்டுங்கள்.

அதற்கப்புறம் துவைக்கிற கல்லுக்கு முறை வந்துவிட்டது. காலை மாமிக்கு, மத்தியானம் அம்மாவுக்கு. ஒரு வருஷம் கழித்து மாமி குடும்பம் நங்கநல்லூரில் சொந்தமாக இடம் வாங்கிப் போய்விட்டது. வண்டியில் சாமான் ஏற்றும்போது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். மாமி என்னிடம் மட்டும் வந்து, “சமத்தா படி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெகுகாலம் கழித்து அப்பாவும் அம்மாவும் ஆதம்பாக்கத்தில் என் தம்பி வீட்டில் இருந்தார்கள். கடைசி நாட்களில் அப்பாவுக்கு மறுபடி சருமம் கெட்டுப்போயிற்று. நான் வாரம் ஒருமுறை போய் அவர் பனியன்களைப் பூந்திக்கொட்டையில் அலசிப் போடுவேன். ஒருநாள் குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், எதுவும் கேட்காமலே சொன்னார்.

“இஸ்திரிக்காரன் அன்னைக்கே சொல்லிட்டான்.”

என் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

“சட்டையக் கையில குடுக்கும்போதே சொன்னான். பாப்பாவ ஒண்ணும் சொல்லிராதீங்கன்னான்.”

“தெரிஞ்சுகிட்டா போட்டுட்டுப் போனிய?”

“வெள்ளையா இருந்துச்சுலா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு நாள் தாங்கிரும்னு நெனச்சேன். நீயும் ஆசையாப் பண்ணிருந்த” என்றார்.

“அப்பம் மாமி?”

அப்பா சுவரைப் பார்த்தார். “பொம்பளைக சண்டை. பத்து நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன். சரியாவல.”

“அம்மாட்டச் சொல்லட்டா?”

“இனி சொல்லி என்னத்துக்கு. விடு.”

அப்பா சொன்ன எத்தனையோ பேச்சை நான் கேட்டதில்லை. எனக்கு வசதியாக இருந்த இந்த ஒன்றை மட்டும் தட்டாமல் கேட்டேன். என்னை அடியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் அன்றைக்கு அதை மறைத்தார். எல்லாம் தெரிந்திருந்தும் என் தலையைத் தடவிவிட்டுப் போனாரே. ஆனால் அந்த அன்புக்கு விலையாக மாமியின் நல்ல பேரைக் கொடுத்தோம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்பா போனபிறகு அம்மாவை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு அடிக்கடி கூட்டிப்போவேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டே வருவாள். ஒரு தடவை, “மாமி இங்கனதான் எங்கயோ இருக்கா” என்றாள். “இறங்கி விசாரிக்கவாம்மா?” என்றேன். “அவ குடுத்த கொட்டைக்கு நான் எதுக்குப் போயி விசாரிக்கணும்?” என்றாள். என்றாலும் அடுத்த தடவையும் ஓரத்தில்தான் உட்கார்ந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்பு அம்மாவும் போய்விட்டாள்.

மருமகளின் பெட்டி வந்த மறுவாரம், பழைய குடித்தனத்துக்காரர் ஒருவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு நான் நங்கநல்லூர் போனேன். ஒரு பிடி கொட்டைத் தோலைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. மாமி கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். உடம்பு சுருங்கிவிட்டது. யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காகிதத்தைப் பிரித்து முகர்ந்தாள். “நன்னா இருக்கே” என்றாள்.

வேன் வந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட், தவலை, நுரை, இரண்டு அலசல், இஸ்திரி வண்டி, அப்பா சொன்னது, ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு, மாமி சிரிப்பாள், அல்லது என் கன்னத்தில் தட்டி, போறதுடி குழந்தே என்பாள் என்று காத்திருந்தேன். இத்தனை தூரம் அதற்குத்தானே வந்திருந்தேன்.

“அக்கா சௌக்யமா?” என்று கேட்டாள்.

“அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு மாமி.”

மாமி காகிதத்தைத் திரும்ப மடித்தாள். “அவளுக்கு இது தெரியுமோ?”

“தெரியாது.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

மாமி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட ஏண்டிம்மா சொல்றே” என்றாள். “என் கொட்டை நல்ல கொட்டைன்னு எனக்குத்தான் அப்பவே தெரியுமே. அக்காகிட்டன்னா சொல்லியிருக்கணும்.”